இடையில் ஒருவர்

என் பிழைப்பு முதுகில் குத்துவது. ஊரில் பலருக்கும் அதுதான் பிழைப்பு. எனக்கு மட்டும் அரசாங்கம் அதற்குச் சம்பளம் கொடுத்து, குத்துவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடவும் சொல்லியிருக்கிறது.

பெயர் எஸ்தர். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். ஈரோட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முதுகெலும்பில் சீழ் வைத்தவர்களை என்னிடம் அனுப்புவார்கள். அவர்களைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீளமான ஊசி ஒன்றை எலும்புக்குள் விட்டு, அரிசி மணி அளவுக்கு ஒரு துணுக்கு எடுப்பேன். எதற்கு எடுக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். படத்தைப் பார்த்தால் எலும்பு அரித்திருப்பது தெரியும். அரித்தது எது என்று தெரியாது. காசநோய்க் கிருமியும் அரிக்கும், கட்டியில் சீழ் வைக்கிற சாதாரணக் கிருமியும் அரிக்கும், காய்ச்சாத பாலில் வருகிறதும் அரிக்கும், சமயத்தில் பூஞ்சையும் அரிக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் கிருமி சிரித்துக்கொண்டே தண்டுவடத்தைத் தின்னும்.

முன்பெல்லாம் நான் எடுத்த துணுக்குகளில் பாதி வாயே திறக்காது. என்னிடம் வருவதற்குள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு வகை மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். கிருமியில் பாதி செத்து, மீதி ஒளிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் வளரவில்லை" என்று எழுதி அனுப்புவார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

பிறகு அந்த இயந்திரம் வந்தது. அரசாங்கம் வைத்த பெயர் மூலங்காணி. மூலம் என்றால் நம் ஜனங்களுக்கு வேறு வியாதி ஞாபகம் வருகிறது. "எனக்கு முதுகுலதானுங்க, அங்க இல்லீங்க" என்று ஒரு பெரியவர் எழுந்தே போய்விட்டார். அதனால் நான் அதற்குப் பேச்சி என்று பெயர் வைத்தேன். எங்கள் பக்கத்தில் அது சாமி பெயர். இவளும் கேட்டால் வாக்குச் சொல்வாள்.

துணுக்கை அவள் வாயில் போட்டால் சற்று நேரத்தில் மூன்று விஷயம் சொல்வாள். என்ன கிருமி. எந்த மருந்துக்குச் சாகும். கடைசியாக, யாரிடமிருந்து வந்தது.

இந்தக் கடைசி விஷயம்தான் வினை. தொற்றுநோய் கண்ட ஒவ்வொருவரின் கிருமியும் நாடு முழுக்கப் பதிவாகிறது. பேச்சி ஒப்பிட்டுப் பார்த்து ஆளின் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிடுவாள். நோயாளி மட்டும் கேட்டால் மறைத்துவிடுகிறார் என்று, அதே ரேஷன் கார்டில் இருக்கிற இன்னொருவரும் கூட இருந்து கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மருந்தை மட்டும் சொல், ஆளை விட்டுவிடு என்று அவளிடம் கேட்க முடியாது. இரண்டும் ஒரே மூச்சில்தான் வரும்.

சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். நோய் பாதியாகக் குறைந்தது. என் கண்ணால் பார்த்தேன். கூடவே மற்றதையும் பார்த்தேன். பவானிக்காரர் ஒருவருக்குக் கிருமி லாட்ஜ் கூட்டுகிற பெண்ணிடமிருந்து வந்தது. அவர் மனைவி பேச்சி முன்னாலேயே தாலியைக் கழற்றி வைத்தார். ஒருவருக்குப் பாலில் வந்தது. மாட்டின் காதில் குத்திய எண் வரைக்கும் பேச்சி சொன்னாள். அந்த மாட்டுக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லை. சில சமயம் "இடையில் ஒருவர்" என்பாள். பதிவில் இல்லாத யாரோ ஒரு ஆள் வழியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒருவர் யார் என்று குடும்பங்கள் அடித்துக்கொண்ட கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும்.

மோகனப்பிரியாவை அவள் அண்ணன் பூபதி தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்ட்ரெச்சரும் இருந்தது, தள்ளுகிற ஆளும் இருந்தார். "நம்ம புள்ளைய நாம தூக்கறதுக்கு என்னங்க" என்று அவரே தூக்கினார். மஞ்சள் மண்டிக்கு லாரி ஓட்டுகிறவர். சட்டை, நகம், காது மடல் எல்லாம் மஞ்சள். அவ்வப்போது துண்டை வாயில் வைத்து இருமினார்.

"பீடியா?" என்றேன்.

"அய்ய, அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. மண்டித் தூசிங்க. வருசம் பூரா இருக்கும்."

மண்டி ஆட்கள் எல்லோரும் இருமத்தான் செய்வார்கள். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

மோகனா சென்னிமலையில் பெட்ஷீட்டுக்கு டிசைன் போடுகிறவள். வயது முப்பது இருக்கும். அம்மா அப்பா இல்லை. வீட்டில் அண்ணனும் அவளும்தான். அண்ணனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல மாதமாக முதுகுவலி. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். இப்போது கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. படத்தில் இரண்டு எலும்புகள் அரித்து, நடுவில் சீழ் கோத்து, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஊசி விட்டு எடுத்துப் பாக்கணும்மா. என்ன கிருமின்னு தெரிஞ்சாத்தான் மருந்து" என்றேன்.

"வேண்டாங்க."

"வேண்டாம்னா எப்படி அம்மிணி? ஒரு ஊசிக்குப் பயந்துட்டு..." என்று ஆரம்பித்த பூபதி, என்ன நினைத்தாரோ, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

"என்னத்துக்கும்மா பயம்? மரத்துப்போகப் பண்ணித்தான் குத்துவேன்."

"ஊசிக்குப் பயமில்லீங்க. அந்த மெசினுக்குத்தான்."

எனக்குள் ஒரு கதை உடனே தயாராகிவிட்டது. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, மெசினுக்குப் பயம். பேச்சி வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் புத்தி அந்தப் பக்கமே போகிறது.

"யாரும்மா அவன்?"

"அவன் இல்லீங்க, அவ. என்ற தங்கச்சி. நிவேதா."

பிறகு மளமளவென்று சொன்னாள், அண்ணன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல.

"நாலஞ்சு வருசத்துக்கு முன்ன வேற சாதிப் பையனோட போயிட்டாளுங்க. ஊரே கூடி அவ செத்துட்டான்னு தலைக்குத் தண்ணி ஊத்துச்சு. எங்கொப்பன் அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு. அவரு பொணத்துக்கு முன்னால, சொந்தபந்தம் பூரா பாக்க, அண்ணன் அருவாளத் தொட்டு சத்தியம் பண்ணுச்சு. கண்டுபுடிச்சு வெட்டிருவேன்னு. மாசம் ரெண்டு தடவ மெட்ராசுக்கு லோடு போவுது. எறக்கிப்போட்டு ஒடனே வராது, ரெண்டு நா கழிச்சுத்தான் வரும். தேடுதுங்க. சீட்டுக்கடியில எப்பவும் அருவா கெடக்கும். நானே பாத்திருக்கறேன்."

"தங்கச்சி எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"அரக்கோணத்துல. திருத்தணிக்கு வேண்டுதல்னு பொய் சொல்லிட்டு மூணு தடவ போயிப் பாத்தனுங்க. போனப்பெல்லாம் இருமிட்டே இருந்தா. அப்பறம் அங்கயே ஆஸ்பத்திரில காட்டி, ஆறு மாசம் மாத்தர சாப்ட்டு நல்லாயிட்டா. அப்ப அவ கிருமி மெசின்ல இருக்குமில்லீங்க? என்ற கிருமியப் பாத்ததும் அவ பேரையும் வீதியவும் அண்ணங்கிட்டச் சொல்லிருமில்லீங்க?"

"சொல்லும்."

"அது எப்படிங்க அத்தன கரெக்டா சொல்லுது?"

"கிருமி தன்னைத்தானே பாத்து எழுதிப் பெருகும். எழுதையில அங்கங்க எழுத்து மாறும். ஒரு உடம்புல இருந்து அடுத்த உடம்புக்குப் போகப் போக மாத்தம் கூடிக்கிட்டே வரும். அந்த மாத்தத்தை எண்ணித்தான் யார்கிட்ட இருந்து யாருக்குன்னு சொல்லுது. ஏமாத்த முடியாது."

"வேற யாரையாச்சும் கூட வெச்சுக்கலாமுங்களா? அண்ணனுக்குப் பதுலா?"

"உங்க கார்டுல வேற யாரு இருக்கா?"

அண்ணனை விட்டால் யாரும் இல்லை. சட்டம் எழுதியவர்கள் கிருமிக்கு விலாசம் உண்டு என்று யோசித்தார்கள். அந்த விலாசத்தைத் தேடிப் போகிறவன் இடுப்பில் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தங்கையிடமிருந்துதான் வந்திருக்கிறது, அக்காவே சொல்கிறாள். தங்கை வழக்கமான மாத்திரையிலேயே குணமாகிவிட்டாள். தங்கைக்குக் கேட்ட மருந்து அக்காவுக்கும் கேட்கத்தானே வேண்டும்? காசநோய்தான் என்று மட்டும் உறுதியானால் போதும், பேச்சி எதற்கு? உறுதி செய்யப் பேச்சி வருவதற்கு முந்தைய வழி இருக்கவே இருக்கிறது.

எடுக்கிற துணுக்கை எப்போதும் இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதி, திசு கெடாமல் வைக்கிற பார்மலின் திரவப் புட்டிக்குள் போகும். நோய்க்குறியியல் டாக்டர் அதை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, திசு எப்படிக் கெட்டிருக்கிறது என்று சொல்வார். மறு பாதி பேச்சிக்கு. பார்மலினில் ஊறிய துணுக்கு பேச்சிக்கு ஆகாது, எழுத்தெல்லாம் அழிந்துபோகும். பழைய நாளிலும் பார்மலினில் போட்டதிலிருந்து கிருமி வளராது. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த ஒரு தப்பு நடக்கும். அவசரத்தில் முழுவதையும் பார்மலினில் போட்டுவிடுவார்கள், ஊசி குத்தியது வீணாகும். என் தியேட்டரில் பாக்கியலட்சுமி சிஸ்டர் ஒரே ஒரு முறை அப்படிச் செய்தார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் பார்மஸி வரைக்கும் கேட்டதாம்.

மோகனாவிடம் சொன்னேன். சம்மதித்தாள். ஊசி உள்ளே போனது. எலும்பு ஈரச் சுண்ணாம்புபோல இளகிக் கிடந்தது. துணுக்கு வந்தது.

"முழுசையும் பார்மலின்ல போடுங்க" என்றேன்.

பாக்கியலட்சுமி என்னையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இதுக்குத்தான அன்னைக்கு என்னைய அந்தக் காச்சு காச்சுனீங்க?"

"இன்னைக்கும் காச்சுவேன். வெளிய அண்ணங்காரர் இருக்காரு. அவரு காதுல விழற மாதிரி கொஞ்சம் காச்சணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் குப்புறக் கிடந்த மோகனாவைப் பார்த்தார். புட்டியில் போட்டு மூடினார். நான் ஒரு பாட்டம் சத்தம் போட்டேன். வெளியே வந்து பூபதியிடம், சிஸ்டர் கை தவறிவிட்டது, இதை வைத்துக் காசநோயா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம், பேச்சியிடம் கொடுக்க முடியாது என்றேன். அவர் எகிறப் போகிறார் என்று வாசலில் செக்யூரிட்டியை நிறுத்தி வைத்திருந்தேன்.

"அட, விடுங்க டாக்டரம்மா" என்றார் பூபதி. "ஆளாப் பொறந்தா கை தவறத்தான் செய்யும். பாவம், அந்தம்மாவத் திட்டாதீங்க. மெசினு கெடக்கட்டும், மருந்து குடுத்தீங்கன்னா போதும்."

அருவாள் வைத்திருக்கிற ஆளுக்கு இவ்வளவு பொறுமையா என்று நினைத்தேன். பாக்கியலட்சுமிக்கு அவர் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

காசநோய்தான் என்று முடிவு வந்தது. வழக்கமான மாத்திரைகளைத் தொடங்கினோம். எல்லாம் நன்றாகவே போகிறது என்று நான் என்னை மெச்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே பூபதி அதே மாதிரி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவளுடைய கால்கள் அவர் கையிலிருந்து துணி மாதிரித் தொங்கின. வலது பாதத்தில் கிள்ளினேன், அவளுக்குத் தெரியவில்லை. படத்தில் சீழ் இரண்டு பங்காகியிருந்தது. மாத்திரை ஒரு வேளைகூட விடவில்லை என்றாள். நம்பினேன், பொய் சொல்கிற பெண் இல்லை அவள். அறுவைசிகிச்சை டாக்டரைக் கேட்டேன். "சீழை எடுத்துடலாம் எஸ்தர். சரியான மருந்து இல்லாட்டி மறுபடி கோத்துக்கும்" என்றார்.

தங்கைக்குக் கேட்ட மருந்து அக்காவுக்கு ஏன் கேட்கவில்லை? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. மருந்துக்கு அசையாத கிருமியாக மாறியிருக்கிறது, அதுவரைக்கும் சரி. எப்போது மாறியது, எங்கே மாறியது? அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளைத்தான் நாங்கள் பட்டினி போட்டுவிட்டோம்.

"இன்னொரு தடவ ஊசி போடணும்மா. இந்தத் தடவ பேச்சிக்குத்தான். வேற வழியில்ல."

"வேண்டாங்க."

"கால் போயிரும். படுக்கையிலயே கிடப்ப. ஒண்ணுக்குப் போறதுகூடத் தெரியாது. புரியுதா?"

"கால் போனாப் போகட்டுமுங்க. அவ உசுரு போனா வருமா?"

கத்திவிட்டேன். நோயாளியிடம் கத்தக் கூடாது, கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், முடியாது, முடியாது என்று.

வெளியே வந்து பூபதியிடம் கால் விஷயத்தை மட்டும் சொன்னேன். தங்கச்சி விஷயத்தை நான் சொல்ல முடியாதே.

அவர் துண்டை வாயில் வைத்து நீளமாக இருமினார். "வேற வழியே இல்லீங்களா?"

"இல்ல."

"அந்த மெசினு பேசுனாத்தான் கால் நிக்குமா?"

"பேசினா நிக்க வாய்ப்பு இருக்கு. பேசாட்டி நிச்சயம் நிக்காது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவர் குனிந்து என்னவோ சொன்னார், அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெளியே வந்து, "போடுங்க ஊசிய" என்றார்.

மரத்துப்போக மருந்து ஏற்றும்போது அவளிடம் கேட்டேன். "உங்க அண்ணன் என்னம்மா சொன்னாரு?"

"எவ பேரு வேண்ணாலும் வரட்டும், நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், அம்மா மேல சத்தியம்னு சொல்லுச்சுங்க. நான் நிவேதாவத்தான் மறைக்கறேன்னு அதுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு."

"நம்புறியா?"

"அம்மா மேல சத்தியம் பண்ணி எத்தனையோ பொய் சொல்லியிருக்குதுங்க. என்ன பண்றது, நானும் நடக்கோணுமில்லீங்க" என்றவள், முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, "நடக்கோணும்னு ஆச வந்துருச்சே, நான் பாவி" என்று அழுதாள். குப்புறப் படுத்து அழுதால் முதுகு அசையும், ஊசி விட முடியாது. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நானும் மனுஷிதான்.

துணுக்கை நானே பேச்சியின் வாயில் போட்டேன். அறையில் நாங்கள் நான்கு பேர். ஸ்ட்ரெச்சரில் மோகனா. அவள் தலைமாட்டில் பூபதி. நான், பாக்கியலட்சுமி. செக்யூரிட்டியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன். அதோடு பூபதி உள்ளே வருவதற்கு முன் அவர் சட்டைப் பையையும் இடுப்பையும் பார்க்கச் சொன்னேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

பேச்சி செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள். கிருமி, காசநோய். வழக்கமான மருந்துகளில் முக்கியமான இரண்டு வேலை செய்யாது. வேலை செய்கிற மருந்துகள் இன்னின்ன. நான் குறித்துக்கொண்டேன்.

"மூலம், நிவேதா. அரக்கோணம்" என்று வீதியையும் வீட்டு எண்ணையும் சொன்னாள். மோகனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் பூபதியைப் பார்த்தேன். இவ்வளவு காலம் தேடின விலாசம் காதில் விழுந்த முகமாகவே அது இல்லை. மேற்கொண்டு வரப்போகிற எதையோ எதிர்பார்த்து நிற்கிறவர்போல நின்றார்.

"இடையில் ஒருவர்" என்றாள் பேச்சி. "பதிவில் இல்லை. மருந்து எதிர்ப்பு அந்த ஒருவரின் உடலில் உண்டானது."

பூபதி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஒருத்தர் நாந்தானுங்க" என்றார். "சளி எதுல துப்போணும்?"

மோகனா கண்ணைத் திறந்தாள். "அண்ணா?"

"வெட்டத்தான் அம்மிணி போனேன்" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் பேச்சியைப் பார்த்தே பேசினார். "எடம் தெரிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. மத்தியானம் போயிக் கதவத் தட்டுனேன். அருவா இடுப்புல இருக்குது. கதவத் தொறந்தவ என்னயப் பாத்துட்டு, 'எளச்சுப் போயிட்டியேண்ணா, சாப்ட்டியா'ங்கறா. இருமிட்டே சோத்தப் போட்டா. வெட்ட வந்தவன் உக்காரலாமா? உக்காந்துட்டேன். ரசம் நம்ம அம்மா வெச்ச மாதிரியே இருந்துச்சு. தின்னுபோட்டு எப்படி வெட்டறது, சொல்லு."

பாக்கியலட்சுமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் நின்றபடியே சொன்னார்.

"அப்பறம் ஒவ்வொரு லோடுக்கும் போறேன். எனக்கும் இருமல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தா இந்த மெசினு அவ பேரச் சொல்லிப்போடும். அவ சாப்புடற மாத்தரைய மெட்ராஸ்ல ஒரு கடையில சொல்லி வாங்கித் தின்னேன். இருமல் நின்னா நிறுத்திருவேன். வந்தா மறுக்கா திம்பேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமிக்கு அது பள்ளிக்கூடம். மருந்தைச் சமாளிக்கப் படித்துக்கொண்டு வெளியே வரும். படித்து முடித்த கிருமி, ஒரே வீட்டில் இருந்தவளின் முதுகில் போய் உட்கார்ந்திருக்கிறது. முதல் ஊசியிலேயே பேச்சியிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அண்ணனும் தங்கையும் வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஊசியே பாதி மிச்சம். நானும் மீன் கழுவும்போது அத்தனை புத்திசாலியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் மோகனா. கோபத்தில் அவள் குரல் கீச்சிட்டது. "தெனமும் அந்த அருவாளப் பாத்துப் பாத்துப் பயந்துட்டுக் கெடந்தனே, உனக்குத் தெரியலயா?"

"நீ திருத்தணிக்குப் போனத எங்கிட்டச் சொன்னியா?"

"அவ சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா, கல்லுளிமங்கி. நீ வந்ததப் பத்தி ஒரு வார்த்த மூச்சு விட்டதில்ல. ஊசி வேண்டான்னு நீ அழுததக் கதவு வழியாப் பாத்தேன், அப்பத்தான் தெரிஞ்சுது. வேற யாரக் காப்பாத்த நீ அப்படி அழுவ?"

"நாந்தான் அவகிட்ட சத்தியம் வாங்குனேன், உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு."

"நானுந்தான் வாங்குனேன்."

பாக்கியலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பூபதியிடம் மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, மாட்டிக்கொள்ளச் சொன்னேன். பிறகு கேட்டேன். "தெரிஞ்சப்பறமாவது மோகனாகிட்ட உண்மையச் சொல்ல வேண்டியதுதான? உள்ள போய் சத்தியம் பண்ணத் தெரிஞ்சுதுல்ல?"

"எப்படிங்க சொல்றது? அப்பன் பொணத்துக்கு முன்னால நான் மட்டும் அருவாளத் தொடலீங்க. பெரியப்பன் பசங்களும் தொட்டாங்க. நான் தேடீட்டு இருக்கற வரைக்கும் வேற எவனும் தேட மாட்டான். நான் நிறுத்திட்டேன்னு ஒரு பேச்சு கசிஞ்சா அன்னைக்கே கெளம்பிருவானுக. இவ வெள்ளச் சோளம், மனசுல இருக்கறது மூஞ்சில தெரியும். இவ என்னயப் பாத்துப் பயந்தாத்தான் ஊரு நம்பும். அதான் பயந்துட்டே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் துப்பினார். சளியைப் பேச்சியிடம் கொடுத்தேன். கேட்பதற்கு அதே கார்டில் இருக்கிற ஒருவர் வேண்டும். மோகனா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கேட்டாள். கிருமி அதேதான். மருந்துகளும் அவைதான்.

"மூலம், நிவேதா, அரக்கோணம்" என்றாள் பேச்சி. "இடையில் யாரும் இல்லை."

சீழை எடுத்தார்கள். சரியான மருந்து இருவருக்கும் நீண்ட காலம் ஓடியது. பூபதி முழுசாகக் குணமானார். மோகனா எழுந்து நடந்தாள், ஒரு கைத்தடியோடு. வலது பாதம் மட்டும் இழுக்கும். அதில் உணர்ச்சி திரும்பவில்லை, திரும்பாது. அதை அவளிடம் சொன்னபோது, "நடக்குதில்லீங்க, போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. அந்தப் பாதத்தைப் பரிசோதிக்கும் ஒவ்வொரு முறையும் பார்மலின் வாசனை எனக்கு வரும்.

கடைசியாக மருந்தை நிறுத்தச் சொன்ன அன்று இருவரும் சேர்ந்து வந்தார்கள். மண்டியிலிருந்து எனக்கு ஒரு பை மஞ்சள் கொண்டுவந்திருந்தார் பூபதி. மோகனா கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"லாரியில உக்காந்து தொலவு போலாமுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"போலாம். நடுவுல எறங்கி எறங்கிக் காலை நீட்டிக்கணும்."

"அப்ப அடுத்த லோடுக்கு நானும் வாறேண்ணா."

"வா. கால் வெக்கத்தான் எடம் பத்தாது. சீட்டுக்கடியில அது கெடக்குது."

"இன்னுமா வெச்சிருக்க?"

"நான் எடுத்துப் போட்டா, வேற எவனாச்சும் எடுப்பான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்படீன்னா ஒரு சாக்குல சுத்தி வெய்யிண்ணா" என்றாள். "இந்தக் கால்ல வெட்டுப் பட்டாலும் எனக்குத் தெரியாது."